எரிநட்சத்திரமும் பிலிம் ரோலும்: கேள்வி-பதில்

கேள்வி: கார்த்திகைக் கடைசியில் வரும் எரிநட்சத்திர மழையை எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் படம் எடுப்பது? (வாசகர், சேத்தியாத்தோப்பு)

பதில்: வடக்கே நெய்வேலியின் மின்வெளிச்சம் அடிவானத்தை வெளுக்க அடிப்பதால், அதற்கு முதுகைக் காட்டி, வீராணத்துக் கரையில் தெற்கு நோக்கி நில்லுங்கள். டிசம்பர் 13, 14 தேதிகளில் உச்சம் பெறும் ஜெமினிட் பொழிவு மிதுன ராசியிலிருந்து புறப்படுவதாகத் தோன்றினாலும், அங்கேயே குறி வைத்தால் கோடுகள் குட்டையாகத்தான் விழும். சற்று விலகி, திருவாதிரைப் பக்கம் காமிராவைத் திருப்புங்கள். பஞ்சாங்கத்தில் பௌர்ணமி சமீபித்திருந்தால் அவ்வருஷம் ரோலை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: துவாரத்தை எஃப் 8-இல் வைத்து, அரை மணி நேரம் ஷட்டரைத் திறந்திருந்தேன். கண்ணால் கண்ட எரிநட்சத்திரம் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. இன்னும் அதிக நேரம் வைக்கலாமா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: கூடவே கூடாது. எத்தனை பேருக்குச் சொன்னாலும் இந்தப் பிழை ஒழிவதாயில்லை! நக்ஷத்திரம் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்பதால், நேரம் ஏற ஏற அதன் சுவடும் பிலிமில் ஏறும். எரிநட்சத்திரமோ வினாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வது, 50 மில்லிமீட்டர் லென்ஸில் பிலிமின் ஒரு புள்ளியின் மீது அது தங்குவது வினாடியில் சில நூறில் ஒரு பங்கே. அந்தக் கணத்தில் புகுந்த ஒளிதான் அதன் ஆஸ்தி முழுவதும். அதன்பின் நீங்கள் விடியும்வரை திறந்து வைத்தாலும் அதற்கு ஓர் அணுவும் கூடாது, ஆகாசத்தின் சொந்த வெளிச்சம் மட்டும் படிந்து படிந்து, விழுந்த கோட்டையும் மூழ்கடித்துவிடும். ஆகையால் துவாரத்தை எஃப் 1.8 அல்லது 2 வரை அகலத் திறந்து, ஐஎஸ்ஓ 400 பிலிமில் பத்து நிமிஷத்துக்கு ஒரு படமாக, இரவு முழுவதும் இடைவிடாமல் எடுத்துக்கொண்டே போங்கள். 1885 நவம்பர் 27-இல் பிராகா நகரத்தில் வைனெக் என்பவர் முதன்முதலாக ஓர் எரிநட்சத்திரத்தைப் பிடித்ததும் இப்படித்தான்: அது விழும் முன்பே அவருடைய தகடு திறந்து காத்திருந்தது. கண்டபின் பொத்தானை அழுத்துகிறவனுக்கு அது ஒருநாளும் அகப்படாது.

கேள்வி: நள்ளிரவுக்குமேல் லென்ஸில் பனி படிகிறது. துடைக்கலாமா? (வாசகி, புவனகிரி)

பதில்: புடவைத் தலைப்பால் துடைக்காதீர்கள், அம்மா, கண்ணாடி கீறிப்போகும். வறுத்த மணலைத் துணியில் முடிந்து, கை பொறுக்கும் சூட்டில் லென்ஸின் கழுத்தைச் சுற்றிக் கட்டுங்கள். பனி படியவே படியாது.

கேள்வி: ஸ்டூடியோவில் நெகட்டிவைக் கோட்டின் நடுவிலேயே வெட்டிவிட்டார்கள். (வாசகர், சிதம்பரம்)

பதில்: இருட்டுப் படத்தில் அவர்களுக்கு எல்லை எப்படித் தெரியும்? முதல் படத்தைப் பகலில் எடுங்கள். "வெட்டாமல் கழுவவும்" என்று ரோலின்மேல் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: பாட்டரி பாதி ராத்திரியில் தீர்ந்துவிடுகிறது. (வாசகர், காட்டுமன்னார்கோயில்)

பதில்: பாட்டரி இல்லாமலே ஷட்டர் இயங்கும் பழைய காமிராவாக வாங்குங்கள்.

கேள்வி: ஒரு ரோல் முழுவதும் எடுத்தும் ஒன்றும் விழவில்லை. என் முறை தவறா? (வாசகர், வடலூர்)

பதில்: நீங்கள் எழுதிய விவரத்தில் தவறு ஒன்றும் இல்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸ் காண்பது ஆகாசத்தில் ஒரு சிறு துண்டு. விழுவதில் பெரும்பகுதி அதற்கு வெளியே போகும், உள்ளே விழுவதிலும் பிரகாசமானவையே பதியும். மனந்தளராமல் அதே துவாரம், அதே பிலிமுடன் அடுத்த கார்த்திகையிலும் எடுங்கள்.