வெந்தய டப்பாவில் ஒளிந்த மாத்திரை

நம்பிக்கை: "மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று சர்டிபிகேட் வாங்கி, கோர்ட்டில் காட்டி கணவர் விவாகரத்து செய்துவிடுவார்."

உண்மை: எனக்குத் தெரிந்த ஒரு பெண், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டையை வெந்தய டப்பாவின் அடியில் புதைத்து வைத்திருந்தார். வீடு அடங்கிய பிறகு, சமையலறை விளக்கைப் போடாமல் விரலால் துழாவி எடுப்பாராம். அவருடைய பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். மனைவியை அடித்துவிட்டு, அவள் அழுதால் "லூசு" என்று பட்டம் கட்டும் வீடுகள் நிறைய. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்த ஏச்சையும் வன்முறை என்றே சொல்கிறது.

இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம்தான். ஆனால் நோயின் பெயரைக் காட்டினால் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது கடுமையா என்று பார்க்க வேண்டும் என 1988-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முன்பு சிகிச்சை எடுத்ததை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையும் அதில் உண்டு.

நம்பிக்கை: "ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினால் சரியாகிவிடும்."

உண்மை: அடித்தவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது எந்தப் பெண் வாய் திறப்பார்? அங்கே சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டில் அடி விழும். முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். நீதிமன்றம் அனுப்பும் கவுன்சலிங்கில்கூட, "எதிர்த்துப் பேசினாள், அதனால் அடித்தேன்" என்ற நியாயத்துக்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை.

நம்பிக்கை: "அதான் பிறந்த வீட்டுக்கு வந்தாச்சே, இன்னும் என்ன அழுகை?"

உண்மை: வாசலில் பைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும், பாதித் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவார். இது நடிப்பல்ல. பல வருடம் பயந்தே பழகிய உடம்பு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. பேச்சு சிகிச்சையாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் இது குறையும்.

பெண்கள் உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். தன் போனில் கூப்பிட்டால் கணவர் பார்த்துவிடுவார் என்று தயங்குகிறவர் உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். கேட்டால் உங்கள் போனைக் கொடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை வாசலில் நில்லுங்கள்.