ஒரு விநாடிக்கு எத்தனை கொள்கலன்?

மாணவர்களே, தஞ்சோங் பகார் என்றதும் உங்களுக்கு எம்ஆர்டி நிலையமும் உயரமான அலுவலகக் கட்டடங்களும் நினைவுக்கு வரும். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் துறைமுகம் என்பார்கள். 1972 ஜூன் 23ஆம் தேதி, ‘நிஹோன்’ என்ற கப்பல் 300 கொள்கலன்களுடன் அங்கு வந்து நின்றது. சிங்கப்பூருக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல் அதுதான்.

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் துறைமுகம் 41.12 மில்லியன் கொள்கலன்களைக் கையாண்டது. இவ்வளவு பெரிய எண்ணை மனத்தில் நிறுத்துவது கடினம். அதை ஒரு விநாடிக்கு எவ்வளவு என்று மாற்றிப் பார்ப்போம்.

2024 ஒரு லீப் ஆண்டு. 366 நாள் × 24 மணி × 60 நிமிடம் × 60 விநாடி = 31,622,400 விநாடிகள். 41.12 மில்லியனை இதனால் வகுத்தால் விடை 1.3. அதாவது இரவும் பகலும் ஒவ்வொரு விநாடிக்கும் ஒன்றுக்கு மேல்!

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் கேட்டார்: “சார், பாரந்தூக்கி ஒரு விநாடியில் ஒரு கொள்கலனை எப்படித் தூக்கும்?” நல்ல கேள்வி. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

*வீதம் வேறு, நேரம் வேறு*

பள்ளி உணவகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் ஒரு மாணவருக்கு உணவு கொடுக்க 30 விநாடி ஆகிறது. இப்படிப் பத்துக் கடைகள் இருந்தால், சராசரியாக 3 விநாடிக்கு ஒரு மாணவர் தட்டுடன் நகர்வார். ஆனால் உங்கள் தட்டு 3 விநாடியில் வந்துவிடாது. நீங்கள் 30 விநாடி நிற்கத்தான் வேண்டும்.

துறைமுகத்திலும் அப்படித்தான். ஒரு பாரந்தூக்கி ஒரு கொள்கலனை இறக்க ஏறத்தாழ 2 நிமிடம், அதாவது 120 விநாடி, ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 120 × 1.3 = 156. எனவே ஒரே நேரத்தில் 156 பாரந்தூக்கிகள் ஓயாமல் இயங்க வேண்டும்.

*எதை எண்ணுகிறோம்?*

சற்றுப் பொறுங்கள். இந்தக் கணக்கில் ‘ஒன்று’ என்பது 20 அடி நீளமுள்ள ஒரு கொள்கலன். 40 அடிக் கொள்கலன் வந்தால் அதை இரண்டாக எண்ணுவார்கள். எல்லாமே 40 அடிக் கொள்கலன்களாக இருந்தால் 78 பாரந்தூக்கிகள் போதும். மேலும், ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றும் கொள்கலன், இறக்கும்போது ஒருமுறையும் ஏற்றும்போது ஒருமுறையும் கணக்கில் வரும். ஆகவே 1.3 என்ற எண் சரிதான். ஆனால் அது 1.3 தனித்தனிப் பெட்டிகளைக் குறிக்கவில்லை. அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

*ஒரு கொள்கலனில் எத்தனை போத்தல்?*

6.5 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் கொண்ட அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் 24ஐ, ஆறு ஆறாக நான்கு வரிசையில் அடுக்கினால் அட்டைப்பெட்டியின் அளவு 39 × 26 × 20 செ.மீ. ஆகும். 20 அடிக் கொள்கலனின் உட்புறம் ஏறத்தாழ 590 × 235 × 239 செ.மீ.

கன அளவைக் கன அளவால் வகுத்தால் 1,634 பெட்டிகள் என்று விடை வரும். ஆனால் உண்மையில் அடுக்கிப் பாருங்கள். நீளத்தில் 15, அகலத்தில் 9, உயரத்தில் 11. மொத்தம் 1,485 பெட்டிகள்தான். மேலே 19 செ.மீ. இடம் மிஞ்சுகிறது, 20 செ.மீ. உயரப் பெட்டி அதில் நுழையாது. ஒரு சென்டிமீட்டர் குறைவால் ஓர் அடுக்கே போய்விட்டது! 1,485 × 24 = 35,640 போத்தல்கள். தேர்வில் கன அளவை மட்டும் வகுத்து மதிப்பெண்ணை இழப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

*வீட்டில் செய்து பாருங்கள்*

ஓர் அரை லிட்டர் போத்தலைக் குளியலறைக் குழாயின் கீழே பிடியுங்கள். நிறைய எத்தனை விநாடி ஆகிறது? 5 விநாடி என்றால், வீதம் விநாடிக்கு 0.1 லிட்டர். அதே வீதத்தில் ஐந்து நிமிடம் குளித்தால் 30 லிட்டர், அதாவது 60 போத்தல்கள். அளந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

துவாஸ் துறைமுகம் முழுமையாக முடிந்ததும் ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளும் திறன் பெறும். அது விநாடிக்கு எவ்வளவு? நீங்களே கணக்கிடுங்கள். விடை எழுதும்போது மூன்றைச் சரிபாருங்கள்: எதை எண்ணினீர்கள், எவ்வளவு நேரத்தில், எத்தனை பேர் அல்லது இயந்திரங்கள் சேர்ந்து செய்த வேலை அது?