தமிழ் நூலை முடித்த பிள்ளைக்கும் ஒரு தமாம்



ஒரு பிள்ளை குர்ஆன் ஷரீபை ஓதித் தமாம் செய்துவிட்டால் நம் வீடு எப்படிக் களைகட்டுகிறது! உஸ்தாதுக்கு அன்பளிப்பு, அண்டை வீடுகளுக்கு இனிப்பு, பெரியோர்களின் துஆ. ஓதுவது மேலான காரியம் என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளை அன்று அறிந்து கொள்கிறது.

அதே பிள்ளை முதன்முதலாக ஒரு தமிழ் நூலைத் தானே வாசித்து முடிக்கும் நாளில் நாம் என்ன செய்கிறோம்? அந்நாள் வந்து போனதே நமக்குத் தெரிவதில்லை. "கதைப் புத்தகத்தை வைத்துவிட்டுப் பாடத்தைப் படி" என்று அதட்டுவோரும் உண்டு. வாசிப்பென்றாலே ஏச்சு என்று மனத்தில் பதிந்துவிட்டால், நாளை மார்க்கத்தை அறிந்துகொள்ளவும் அப்பிள்ளை நூலைத் திறக்காது. திருமறையின் கண்ணியம் வேறு, மற்ற நூல்களின் நிலை வேறு என்பதில் ஐயமில்லை. எனினும் அறிவைத் தேடும் ஆசை பிள்ளைப் பருவத்தில் வீட்டில்தான் முளைக்கிறது.

ஹிராக் குகையில் இறங்கிய முதல் வஹீயே ஓதும்படி ஏவியது. பத்ருப் போரில் (ஹிஜ்ரி 2, கி.பி. 624) பிடிபட்டவர்களுள் ஈட்டுத்தொகை கொடுக்க வழியற்று, எழுதத் தெரிந்தவர்களாக இருந்தோர், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக வரலாறு கூறுகிறது. பிள்ளைகளின் எழுத்தறிவு அன்று பொருளுக்கு ஈடாக மதிக்கப்பட்டது!

நம் முன்னோரின் இல்லங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியார்கள் அரபுத்தமிழில் நூல்கள் இயற்றினார்கள். பள்ளிக்கூடம் செல்லாத பெண்களும் அரபு எழுத்தை அறிந்திருந்ததால், அவற்றை வீட்டிலிருந்தே வாசித்து மார்க்கம் கற்றனர். தாய் வாசித்தாள், பிள்ளை மடியிலிருந்து கேட்டது.

இன்று புதுவாயல், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வீடுகளில் தகப்பனார் ஷிப்ட் வேலைக்குச் செல்கிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. நேரமெங்கே என்று கேட்கலாம். கால் மணி நேரம் போதும்.

மஃரிபுக்குப் பின் கைப்பேசிகளை அலமாரியில் வைத்துவிட்டு அனைவரும் ஒரே பாயில் அமர்வோம். பாட்டியார் யூனுஸ் நபி (அலை) அவர்களின் சரிதையைச் சொல்லட்டும். பேரப்பிள்ளை அதைத் திருக்குர்ஆன் தமிழாக்கத்தில் தேடி வாசித்துக் காட்டட்டும். இரவு வேலைக்குப் போகும் வாத்தா ஒரு சீட்டில் நான்கு வரி எழுதித் தலையணைக்கடியில் வைத்துச் செல்லட்டும். காலையில் பிள்ளை அதை வாசித்து, பதில் எழுதி வைக்கட்டும். பேரீச்சம்பழத்தை ஒளித்து, இடத்தைக் குறிப்புச் சீட்டுகளால் உணர்த்தலாம். கூட்டு ரோட்டிற்குப் போகும்போது கடைப் பலகைகளை யார் முதலில் வாசிப்பது என்று போட்டி வைக்கலாம். பிழையாக வாசித்தால் சிரிக்கவோ குட்டவோ வேண்டாம். திருத்திச் சொன்னால் போதும். தமிழ் வாசிக்கத் தெரியாத தாய்மார்கள் வெட்கப்படாமல் பிள்ளையிடமே கற்கலாம். உம்மாவுக்கு உஸ்தாதான பிள்ளை ஒருநாளும் புத்தகத்தை வெறுக்காது.

நூலை முடித்த அன்று ஒரு கிண்ணம் பாயசம் வைத்து, பிள்ளைக்காக துஆச் செய்வோம். செலவு சிறிது; அது பிள்ளையின் நெஞ்சில் நிற்கும் காலமோ நெடிது.

பயனுள்ள கல்வியை நம் மக்களுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.