முட்டு வலிக்கு ஒரு நாள் முகாம் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை தோட்டப் பாடசாலையில் இலவச மருத்துவ முகாம். மருத்துவ மாணவர்கள் வருகிறார்கள். மேற்பார்வைக்கு ஒரு டொக்டரும் வருகிறார். வரிசையில் நிற்கும் தாய்மாரை விசாரித்தால் பலரும் சொல்வது ஒன்றே: "முட்டு வலி சாமி."

வலி வரும் வழி

ஹட்டன், நுவரெலியா மலைகளில் கொழுந்து எடுப்பவர் செங்குத்தான சரிவில் நாள் முழுவதும் ஏறி இறங்குகிறார். இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் அதிகம். தலையில் கயிறு மாட்டிய கூடை கழுத்தை இழுக்கிறது. ஓயாமல் கிள்ளுவதால் பெருவிரலின் அடிமூட்டு நோகிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது பல தோட்டங்களில் பேருக்கான கிலோவும் கூடியது.

நமது நாட்டு அரசாங்க வைத்தியசாலையில் பணம் கேட்பதில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. ஆயினும் கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் போகிறது. பஸ் காசும் போகிறது. ஆகவே மாத்திரையை விழுங்கிவிட்டு மலைக்கு ஏறுகிறார்கள்.

ஒரு முகாமில் ஓர் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கடையில் வாங்கிய மூன்று நிற மாத்திரைகளைக் காட்டினார். அவை என்னவென்று அவருக்குத் தெரியாது. "இத போட்டாத்தான் பேர் போட முடியுது சாமி" என்றார். நாமும் அவருக்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்தனுப்பினோம். வந்தவர்களின் தொகையை அறிக்கையில் எழுதினோம். பதினோராம் நாள் அவர் எங்கே போயிருப்பார்? அதே கடைக்குத்தான்.

அமெரிக்காவிலும் காப்புறுதி இல்லாத ஏழைகளுக்காக மருத்துவ மாணவர்கள் நடத்தும் இலவச நிலையங்கள் உண்டு. நோயாளியிடம் பொறுமையாகப் பேச மாணவருக்கு நேரம் கிடைப்பது அவற்றின் பலம். மாணவர்கள் அடிக்கடி மாறுவது பலவீனம். நமது முகாம்களுக்கும் இரண்டும் பொருந்தும். மாணவர் மாறுவார், தோட்டத்து மாதர் சங்கம் மாறாது. தொடர்ச்சியை அதுவே காக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. எந்த மூட்டு, எத்தனை காலம், என்ன மாத்திரை என்று எழுதி, அடுத்த முகாமுக்கும் கிளினிக்குக்கும் கொண்டுபோகச் செய்வோம்.

2. எல்லா வலியும் தேய்மானமல்ல. மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரமாவது விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். காலந்தாழ்த்தினால் விரல்கள் கோணிவிடும்.

3. டைக்ளோபெனக் போன்ற மாத்திரைகளை டொக்டரின் சொல்லின்றி நாளாந்தம் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், இரத்த அழுத்தம் ஏறலாம். பூசும் மருந்தில் இந்த ஆபத்து குறைவு. பெயர் தெரியாத பொட்டலத்தில் ஸ்டீரொயிட் இருக்கலாம். நெடுநாள் எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தாமல் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

4. கதிரையில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலின் பாரம் குறையும். பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

5. வலி கடுமையானவருக்குச் செங்குத்து மலையைத் தவிர்த்து வேலை தரும்படி, தோட்ட வைத்திய உதவியாளரின் குறிப்போடு துரையிடம் கேட்கலாம். தனியொருவர் கேட்பதிலும் சங்கமாகக் கேட்பது நல்லது.

மாத்திரை ஒரு நாளைக் கடத்தும். அந்த அம்மா இன்னும் பல ஆண்டுகள் நடக்க வேண்டியவர்.

கலந்துரையாட

- நமது லயத்தில் யார் யார் நாளாந்தம் வலி மாத்திரை போடுகிறார்கள்? எங்கே வாங்குகிறார்கள்?
- கிளினிக் நாளில் பேர் போகாதிருக்க நிர்வாகத்திடம் என்ன கேட்கலாம்?
- கொப்பிகளுக்குப் பொறுப்பேற்பவர் யார்?