பூண்டிக்கு வரும் நீரும் கருவுக்கு வரும் இரத்தமும்

மாணவர்களே! திருவள்ளூருக்கு அருகிலுள்ள பூண்டி ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இந்நீர்த்தேக்கத்திற்கு, 1996 முதல் கிருஷ்ணா நீரும் வருகிறது. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து தமிழக எல்லை வரை 152 கிலோமீட்டர். அங்கிருந்து பூண்டி வரை 25 கிலோமீட்டர். கால்வாயின் கரைகள் சிதைந்திருந்த ஆண்டுகளில் பூண்டிக்கு வந்து சேர்ந்த நீர் மிகக் குறைவு. கால்வாய் சீரமைக்கப்பட்ட பிறகே வரத்துக் கூடியது. அணையில் நீர் இருந்தால் மட்டும் போதாது. அது வரும் வழியும் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

தாயின் வயிற்றில் வளரும் குழந்தையின் நிலையும் இதுவே. குழந்தைக்கு வேண்டியவற்றைத் தருவது நஞ்சுக்கொடி. பெயரில் நஞ்சு, வேலையோ உயிரூட்டுவது! தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் இங்கே நேரடியாகக் கலப்பதில்லை. மெல்லிய சவ்வின் வழியாக ஆக்சிஜனும் உணவுச் சத்தும் குழந்தைக்குச் செல்கின்றன. கழிவுகள் தாயின் இரத்தத்திற்கு வருகின்றன.

கருவுறாத காலத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்குச் சுமார் 50 மில்லி லிட்டர் இரத்தமே செல்கிறது. பேறுகாலம் நெருங்கும்போது அது 500 மில்லி லிட்டருக்கும் மேலாகிறது. இந்தப் பத்து மடங்கு எப்படி வந்தது? கருப்பைச் சுவரிலுள்ள சுருள் தமனிகள் முதலில் குறுகலானவை; தசையால் இறுகியவை. நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றினுள் ஊடுருவி, தசை உறையை நீக்கி, அகன்ற கால்வாய்களாக மாற்றிவிடுகின்றன.

இந்தக் கால்வாய் வேலைக்குத் துணை செய்வதுதான் தைராய்டு ஹார்மோன். கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி இதனைச் சுரக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட நஞ்சுக்கொடிச் செல்களுக்கு அளவோடு இந்த ஹார்மோன் கிடைத்தபோது, அவற்றின் ஊடுருவும் திறன் கூடியதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். கருவுற்ற பெண்ணுக்கு இது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தேவைப்படுகிறது. முதல் சில மாதங்களில் கருவும் தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது.

சுரப்பு குறைந்தால் என்ன ஆகும்? தமனிகள் போதிய அளவு அகலாமல் போகலாம். அப்போது இரத்த வரத்துக் குறையும், குழந்தையின் எடை குறையலாம், தாயின் இரத்த அழுத்தம் ஏறலாம், குறைப்பிரசவமும் நேரலாம். சுரப்பு மிகுந்தாலும் தீங்குதான். எல்லோருக்கும் இப்படி நேரும் என்பதில்லை. ஆனால் மருத்துவம் செய்யாமல் விட்டால் ஆபத்து கூடுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலை ஒன்றில் ஷிப்டு முடித்து வீடு திரும்பும் கர்ப்பிணி ஒருவரை நினைத்துப் பாருங்கள். களைப்பு, மலச்சிக்கல், உடல் வீக்கம். "மாசமாக இருந்தால் அப்படித்தான்" என்று வீட்டார் சொல்லக்கூடும். தைராய்டு குறைவுக்கும் இவையே அறிகுறிகள்! இரண்டையும் பிரித்துக் காட்டுவது டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை. கருப்பைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும்.

குறை தெரிந்தால், மருத்துவர் தரும் தைராக்சின் மாத்திரையே மருந்து. காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதனோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் இம்மூன்றையும் உட்கொள்ள நேரும் என்பதால், இந்தச் சிறு செய்தி மிகப் பெரியது.

உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதால் இந்நோய் வரலாம். அயோடின் குறைவாலும் வரலாம். முதலாவதை உப்பு தடுக்காது, இரண்டாவதைத் தடுக்கும். உப்பு விளைவதில் நம் மாநிலத்திற்குக் குஜராத்திற்கு அடுத்த இடம். ஆயினும் 2018–19ஆம் ஆண்டின் இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய தமிழக வீடுகள் 61.9 சதவீதமே. மாநிலங்களில் இதுவே மிகக் குறைவு.

இன்று மாலை உங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். சிரிக்கும் சூரியன் படம் அதில் இருக்கிறதா? அயோடின் கலந்த உப்புக்கு அதுவே அடையாளம். இல்லையென்றால், ஏன் மாற்ற வேண்டும் என்பதை அம்மாவிடம் நீங்களே விளக்கிச் சொல்லலாமே!