லிதுவேனியாவைப் பிடித்து ஐரோப்பாவைப் படிக்கலாம்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

‘ஐரோப்பா வரி போட்டது’ என்று ஒரு நாள் செய்தி வரும். ‘ஒரே ஒரு நாடு முட்டுக்கட்டை போட்டது’ என்று மறுநாள் வரும். 27 நாடுகள் கூடியிருக்கும் இடத்தில் யார் பேச்சு எங்கே எடுபடும்? சுமார் 29 லட்சம் பேர் வாழும் லிதுவேனியாவைப் பிடித்துக்கொண்டு போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 1: எது யார் கையில்?

2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது முதல், லிதுவேனியா தனியாக எந்த நாட்டோடும் வணிக ஒப்பந்தம் போட முடியாது. பேச்சு நடத்துவதும், உலக வணிக அமைப்பில் வழக்குப் போடுவதும் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம்தான். கிளைப்பெடா துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறந்து பார்ப்பவர் லிதுவேனியச் சுங்க அதிகாரி. ஆனால் வசூலாகும் வரியில் கால் பங்குதான் நாட்டுக்கு. முக்கால் பங்கு ஒன்றியத்தின் பட்ஜெட்டுக்குப் போய்விடும்.

வெளியுறவு அப்படியில்லை. தலைநகர் வில்னியஸில் யாருக்கு அலுவலகம் திறக்க அனுமதி என்பதை அந்நாட்டு அரசே முடிவு செய்யும்.

படி 2: வாக்கை எண்ணுங்கள்

வணிகத் தீர்மானங்களுக்குப் பெரும்பாலும் 15 நாடுகளும், மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதமும் இருந்தால் போதும். லிதுவேனியாவின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. பொருளாதாரத் தடை விதிக்கவோ அத்தனை நாடுகளும் தலையாட்ட வேண்டும். சிறு நாட்டுக்கு மவுசு அங்கேதான். 2020 செப்டம்பரில், துருக்கி விவகாரத்தில் தனக்கு ஒரு வழி சொல்லும்வரை பெலாரஸ் மீதான தடைக்குக் கையெழுத்தில்லை என்று சைப்ரஸ் தனியாளாக நின்றது. அக்டோபரில்தான் விட்டுக்கொடுத்தது.

படி 3: ஒரு சண்டையை முழுதாகப் பாருங்கள்

2021 நவம்பர் 18 அன்று வில்னியஸில் தைவானின் பிரதிநிதி அலுவலகம் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் மற்றத் தலைநகரங்களில் இத்தகைய அலுவலகங்களுக்குத் தைவானின் தலைநகரான ‘தைபே’யின் பெயரே. இங்கே ‘தைவான்’ என்று பலகை மாட்டினார்கள். தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனா, லிதுவேனியாவுடனான தூதரக உறவின் தரத்தை இறக்கியது.

டிசம்பரில் சீனச் சுங்கத்துறையின் கணினியில், சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் லிதுவேனியாவைக் காணோம். படிவத்தை நிரப்ப முடியாது. சரக்கு அப்படியே நிற்கும். தடை விதித்ததாக ஒரு அறிவிப்பும் இல்லை. சீனாவுக்குப் போகவேண்டிய சுமார் 20,000 பாட்டில் லிதுவேனிய ரம்மைத் தைவானின் அரசு மதுபான நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதை எப்படிக் குடிப்பது, எப்படிச் சமையலில் சேர்ப்பது என்று தைவான் அரசுத் துறையே குறிப்பு வெளியிட்டது!

ரம் வேடிக்கைதான். லிதுவேனிய ஏற்றுமதியில் சீனாவின் பங்கே சுமார் 1 சதவீதம். வலித்த அடி ஜெர்மனி வழியாக வந்தது. லிதுவேனிய உதிரிபாகம் சேர்ந்த ஜெர்மன் பொருள்களும் சிக்கின என்று நிறுவனங்கள் முறையிட்டன, சீனா மறுத்தது. ஒரு குட்டி நாட்டின் தகராறு ஒன்றியத்தின் தகராறாக மாறியது இந்த இடத்தில்தான். உள்நாட்டிலும் ஒற்றுமை இல்லை: அலுவலகம் திறந்தது தவறல்ல, பெயர்தான் தவறு என்று அதிபர் கீதானஸ் நௌசேடாவே 2022 ஜனவரியில் சொன்னார்.

படி 4: வழக்கு, சட்டம்

2022 ஜனவரி 27 அன்று ஒன்றியம் உலக வணிக அமைப்புக்குப் போனது. 2024 ஜனவரியில் வழக்கைத் தானே நிறுத்திவைத்தது. ஓராண்டுக்குள் மீண்டும் எடுக்காததால் அது காலாவதியானது. என் பார்வையில் வழக்கைவிட முக்கியமானது 2023 டிசம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்த வற்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம். வெளிநாடு ஒன்று வணிகத்தைக் காட்டி உறுப்பு நாட்டை மிரட்டினால் பதிலடி கொடுக்க அது வழிசெய்கிறது. அதற்கும் 15 நாடுகள், 65 சதவீதம் என்ற கணக்குதான். சிறு நாட்டைக் காக்க வந்த சட்டத்தில் சிறு நாட்டின் தனி மறுப்புக்கு இடமில்லை.

படி 5: எதிர்த்திசையிலும் பாருங்கள்

2022 ஜூனில் ரஷ்ய உருக்கு மீதான ஒன்றியத் தடை நடைமுறைக்கு வந்ததும், தன் வழியாகக் கலினின்கிராடு என்ற ரஷ்யப் பகுதிக்குப் போகும் அந்தச் சரக்குகளை லிதுவேனியா நிறுத்தியது. இம்முறை ஒன்றியத்தின் முடிவு லிதுவேனியாவின் தகராறானது. மாஸ்கோ கொதித்தது. பிரஸ்ஸல்ஸ் சொன்னதைத்தானே செய்தோம் என்றது வில்னியஸ். ஜூலையில் ஆணையம் புது விளக்கம் கொடுத்தது: லாரியில் கூடாது, ரயிலில் போகலாம், அளவு வழக்கத்தை மீறக்கூடாது. வில்னியஸ் அதை மனமில்லாமல் ஏற்றுக்கொண்டது.