வெறுப்பை விற்ற மல்லர்

மற்போர் மேடைக்கு ஒருவன் கைதட்டல் பெற வருகிறான். மற்றொருவன் வசை வாங்கவே வருகிறான். தொழில்முறை மற்போரிலே வெற்றியும் தோல்வியும் முன்கூட்டியே முடிவு செய்யப்படுபவை. ஆகவே, இரண்டாமவனுடைய திறமை வெல்வதில் இல்லை நண்பர்களே, வெறுக்கப்படுவதில் இருக்கிறது! அத்திறமையில் தலைசிறந்து விளங்கியவர் அமெரிக்கரான பிரெட்டி பிளாஸி.

1918 இல் செயின்ட் லூயி நகரில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். பின்னர் தலைமயிரைப் பொன்னிறமாக்கிக்கொண்டு, எதிரியைப் பல்லால் கடிக்கும் கொடியவராக மேடையேறினார். 1962 இல் ஜப்பானிய வீரர் ரிக்கிடோசானுடன் மோதினார். போரில் தோற்ற புண் ஆறாத மக்களின் கண்களுக்கு, வாயில் குருதி வழிய நின்ற அந்த அமெரிக்கர் அரக்கனாகவே தோன்றினார். அந்நாட்களில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட குருதிக் காட்சிகளைக் கண்டு முதியோர் சிலர் அதிர்ச்சியால் இறந்ததாக அந்நாட்டு நாளேடுகள் எழுதின. அதே பிளாஸி 1968 இல் ஜப்பானியப் பெண்மணி ஒருவரை மணந்தார். அந்த இல்லறம் அவர் மறையும்வரை நீடித்தது. மேடையிலே பகைவன், வீட்டிலே மருமகன்!

வயது ஏறியதும், 1970களில் அவர் மேலாளரானார். மேலாளருக்கு வேலை மூன்று. பேச்சு வராத வீரனுக்காகத் தாம் பேசுவது. நடுவரின் கவனம் திரும்பிய வேளையில் கைத்தடியோடு குறுக்கிடுவது. தாம் தேடிய கெட்ட பெயரைப் புதிய வீரனுக்கும் பூசிவிடுவது. 1976 இல் டோக்கியோவில் அந்தோனியோ இனோக்கியை எதிர்த்த முகமது அலிக்கும் இவரே மேலாளராக நின்றார்.

ஈரானில் அமெரிக்கர்கள் 1979 முதல் 1981 வரை பிணையாக வைக்கப்பட்ட சினம் தணியாதிருந்த காலம். பிளாஸியின் ஈரானிய வீரரான அயர்ன் ஷேக், 1983 டிசம்பர் 26 அன்று நியூயார்க்கில் பட்டம் வென்றார். நான்கே வாரத்தில் அவரை வீழ்த்தி நாட்டின் நாயகரானவர் ஹல்க் ஹோகன். அந்த ஹோகனோ, சில ஆண்டுகளுக்கு முன்பு இதே பிளாஸியின் கீழ் வில்லனாக இருந்தவர்! அயர்ன் ஷேக்கும் அமெரிக்க ஒலிம்பிக் மற்போர் அணிக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். பிளாஸியின் மற்றொரு வீரர் நிக்கோலாய் வோல்காஃப், சோவியத் கீதம் பாடிக் கூட்டத்தைக் கொதிக்க வைத்தார். அவர் பிறந்ததோ யூகோஸ்லாவியாவில்.

பிளாஸி 1986 இல் ஓய்வு பெற்றார். 2003 இல் மறைந்தார். அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது? வெறுப்பை அவர் புதிதாகப் படைக்கவில்லை. மக்கள் நெஞ்சில் கிடந்த புண்ணைத் தேடிக் கண்டு, அதன்மேல் ஒரு வேடத்தை நிறுத்தினார். கூட்டம் சீட்டு வாங்கியது. மற்போரில் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தெருவிலும் தேர்தல் மேடையிலும் ஒரு மொழியார்மீதோ ஓர் இனத்தார்மீதோ பூசப்படும் வேடம் அவ்வளவு எளிதில் கலைவதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து பயிலும் நாம் இதனை நன்கு அறிவோம். ஆகவே, சினம் பொங்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: சீட்டு விற்பவர் யார்?